செக்யூரிட்டி கிளியரன்ஸும் கட்டாத கடனும்: படிவம் நிரப்பும் முன் செய்ய வேண்டியவை

அமெரிக்கக் குடியுரிமை கைக்கு வந்ததும் நம் ஆட்கள் பலர் அரசு ஒப்பந்த நிறுவனங்களின் வேலை அறிவிப்புகளைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் இருப்பவர்களைக் கேட்கவே வேண்டாம். அறிவிப்பின் கடைசியில் ‘சீக்ரெட் கிளியரன்ஸ் பெறத் தகுதி இருக்க வேண்டும்’, அதாவது அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதி பெறக்கூடியவராக இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்ததும் பலருக்கு முதலில் வரும் பயம் சொந்தபந்தம் பற்றியது. அப்பா அம்மா திருச்சியில் இருக்கிறார்களே, தம்பி துபாயில் இருக்கிறானே, அதனால் தள்ளிவிடுவார்களோ என்று கவலைப்படுகிறார்கள். வேலை மாறிய குழப்பத்தில் கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு நினைவுக்கே வராது. ஆனால் ராணுவ ஒப்பந்த ஊழியர்களின் கிளியரன்ஸ் வழக்குத் தீர்ப்புகள், பெயர் நீக்கப்பட்டு, இணையத்தில் பொதுவில் கிடைக்கின்றன. அவற்றைப் புரட்டினால் திரும்பத் திரும்ப வருவது கடனும் வரியும்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடன் இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரையும் தள்ளுவதில்லை. வீட்டுக் கடன், கார் லோன், படிப்புக் கடன் எல்லாம் ஒழுங்காகக் கட்டிவந்தால் அது சாதாரண வாழ்க்கை. கட்டாமல் விட்டது, விட்டதைப் பற்றி எதுவும் செய்யாமல் இருந்தது, கேட்டபோது மறைத்தது, இந்த மூன்றும்தான் ஆபத்து. மூன்றையுமே எஸ்.எஃப்.-86 என்ற பின்னணி விசாரணைப் படிவம் கைக்கு வரும் முன் சரிசெய்யத் தொடங்கலாம்.

இன்னும் இரண்டு அடிப்படை விஷயம். கிளியரன்ஸுக்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. ஒரு அரசுத் துறையோ ஒப்பந்த நிறுவனமோ உங்களை முன்மொழிய வேண்டும். க்ரீன் கார்டு போதாது, குடியுரிமை வேண்டும். அதனால் குடியுரிமைக்குக் காத்திருக்கும் காலமே கணக்கைச் சரிசெய்ய நல்ல காலம்.

கடனை ஏன் பார்க்கிறார்கள்?

ரொனால்ட் பெல்டன் என்.எஸ்.ஏ. எனப்படும் தேசியப் பாதுகாப்பு முகமையில் வேலை பார்த்தவர். 1979-இல் திவால் மனு போட்டார், அதே ஆண்டு வேலையை விட்டார். 1980 ஜனவரியில் வாஷிங்டனில் உள்ள சோவியத் தூதரகத்துக்குள் போய்த் தனக்குத் தெரிந்த ரகசியங்களை விற்கத் தொடங்கினார். சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985-இல் முதல் தவணையாக 50,000 டாலர் வாங்கியதற்கும் விவாகரத்தோடு சேர்ந்து வந்த பண நெருக்கடி ஒரு காரணம். அவர் பிடிபட்டது 1994-இல்தான். கடன் கழுத்தை நெரிக்கும்போது மனிதன் என்ன செய்வான் என்ற கேள்வியை இந்தத் துறை இப்படித்தான் கற்றுக்கொண்டது.

இன்று நடப்பில் இருக்கும் விதிகள் 2017 ஜூன் 8 முதல் அமலில் உள்ளவை. மொத்தம் 13 வழிகாட்டு நெறிகள், ஏ முதல் எம் வரை எழுத்து வரிசையில். பணம் தொடர்பானது ‘எஃப்’. கடனைக் கட்ட முடியாமை, கட்ட முடிந்தும் மனமில்லாமை, வருமானத்துக்கு மிஞ்சிய செலவு, வரி தாக்கல் செய்யாதது, சூதாட்டத்துக்குக் கடன் வாங்குவது, கணக்குக் காட்ட முடியாத பணவரவு ஆகியவை அதில் கவலைக்குரியவை. இத்தனை டாலருக்கு மேல் போனால் கிளியரன்ஸ் கிடையாது என்ற வரம்பு எதுவும் அதில் இல்லை. 3,000 டாலர் பாக்கியை ஆண்டுக்கணக்கில் கண்டுகொள்ளாதவரைவிட, 60,000 டாலர் பாக்கியை ஒப்பந்தம் போட்டுக் கட்டிவருபவர் நல்ல நிலையில் இருக்க முடியும்.

விதியிலேயே சலுகைகளும் உண்டு. வேலை போனது, திடீர் மருத்துவச் செலவு, விவாகரத்து, குடும்பத்தில் மரணம், அடையாளத் திருட்டு போன்ற கைமீறிய காரணங்களை ஏற்கிறார்கள். ஆனால் கூடவே ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்த நிலைமையில் நீங்கள் பொறுப்பாக நடந்துகொண்டிருக்க வேண்டும். 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை 35 நாள் அரசாங்கமே முடங்கி, சம்பளம் வராமல் பல ஊழியர்கள் தவணை தவறினார்கள். அப்படி ஒரு சமயத்தில் கடன் கொடுத்தவரை உடனே கூப்பிட்டு நிலைமையைச் சொல்லி, கிடைத்த பதிலைக் கோப்பில் வைத்தவருக்கும் சும்மா இருந்துவிட்டவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

படி 1: எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்

ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்று நிறுவனங்களின் கிரெடிட் ரிப்போர்ட்டையும் எடுங்கள். ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் வாரம் ஒருமுறை இலவசமாகவே எடுக்கலாம். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஒன்றில் இல்லாத, வசூல் நிறுவனத்துக்குக் கைமாறிய கலெக்‌ஷன் கணக்கு இன்னொன்றில் உட்கார்ந்திருக்கும். கிரெடிட் ஸ்கோர் காட்டும் செயலி இதற்குப் போதாது. உங்களுக்கு வேண்டியது எண் அல்ல. ஒவ்வொரு கணக்கின் வரலாறு.

ரிப்போர்ட்டில் இல்லை என்றால் கடன் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கட்டாத கணக்கு 7 ஆண்டில் ரிப்போர்ட்டிலிருந்து விழுந்துவிடும். மருத்துவப் பாக்கி 500 டாலருக்குக் கீழே இருந்தால் 2023-க்குப் பிறகு அந்த மூன்று நிறுவனங்களும் காட்டுவதில்லை. கடன் மட்டும் அப்படியே இருக்கும். ‘ரிப்போர்ட்டில் இருந்து போய்விட்டது, வழக்குப் போடும் காலமும் கடந்துவிட்டது’ என்பதைக் கடனைத் தீர்த்ததாக இங்கே எடுத்துக்கொள்வதில்லை. ‘சார்ஜ் ஆஃப்’ என்ற வார்த்தையைப் பார்த்து வங்கி தள்ளுபடி செய்துவிட்டது என்று நிம்மதியடைபவர்களும் உண்டு. அது வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் நஷ்டமாக எழுதிக்கொண்டது, அவ்வளவுதான். நீங்கள் கட்ட வேண்டியது கட்ட வேண்டியதுதான்.

அடுத்து, ஊர்ப் பக்கம். கோயம்புத்தூரில் படிக்கும்போது வாங்கிய கல்விக் கடன், அப்பா ஜாமீனில் எடுத்தது, அமெரிக்கா வந்தபின் நின்றுபோயிருக்கலாம். இங்குள்ள ரிப்போர்ட்டில் அது வராது. ஆனால் படிவம் ‘எந்தக் கடனும்’ என்றுதான் கேட்கிறது. அதையும் தாளில் எழுதுங்கள்.

கோ-சைன் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நண்பனின் கார் லோனுக்கு, மைத்துனனின் படிப்புக் கடனுக்கு என்று மறுக்க முடியாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் நம்மிடையே அதிகம். படிவத்தின் பணப் பகுதி, நீங்கள் மட்டும் வாங்கிய கடனோடு, கூடக் கையெழுத்துப் போட்ட கடனையும் ஜாமீன் நின்ற கடனையும் சேர்த்தே கேட்கிறது. அந்த நண்பர் ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று இன்றே விசாரியுங்கள். விவாகரத்தானவர்களும் கவனிக்க வேண்டும். கூட்டுக் கணக்குக் கடனை முன்னாள் கணவர் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னாலும், வங்கியைப் பொறுத்தவரை இரண்டு பேரும் கடன்காரர்களே.

படி 2: எதை முதலில் தீர்ப்பது?

என் கருத்தில் வரிக்குத்தான் முதல் இடம், அதிலும் சந்தேகமே வேண்டாம். நாட்டின் ரகசியத்தைக் காக்கக் கேட்பவர் அந்த நாட்டின் அடிப்படைச் சட்டத்தையே பின்பற்றவில்லை என்ற வாதத்துக்குப் பதில் சொல்வது கஷ்டம். ஒரு வருடம் தாக்கல் செய்யாமல் விட்டிருந்தால் உடனே செய்யுங்கள். ‘எனக்கு ரீஃபண்ட்தானே வரும்’ என்று விட்டதும் கணக்கில் வரும், உங்கள் வருமானம் தாக்கல் செய்தாக வேண்டிய வரம்பில் இருந்தால். கையில் பணம் இல்லாவிட்டாலும் தாக்கலைத் தள்ளிப்போடாதீர்கள். தாக்கல் வேறு, கட்டுவது வேறு. மொத்த பாக்கி 50,000 டாலருக்குள் என்றால் மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தளத்திலேயே தவணைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அப்புறம் அதே தளத்தில் உங்கள் வரிக் கணக்கின் பதிவான அக்கவுண்ட் டிரான்ஸ்கிரிப்ட்டை இறக்கி வையுங்கள், பிறகு ஆதாரமாக அதைத்தான் கேட்பார்கள். மாநில வரியையும் மறக்க வேண்டாம்.

ஊரில் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் சரிபாருங்கள். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்த்து ஆண்டில் ஏதாவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினால் அந்தக் கணக்குகளை அரசுக்குத் தெரிவிக்கும் எஃப்பார் அறிக்கை கொடுத்தாக வேண்டும். இது கடன் அல்ல, ஆனால் இதே கோப்பில்தான் வந்து விழும்.

வரிக்கு அடுத்து மத்திய அரசுக்குத் தர வேண்டிய பாக்கி, முக்கியமாக அரசுப் படிப்புக் கடன். அதற்குப் பிறகு குழந்தைப் பராமரிப்புத் தொகை, நீதிமன்றத் தீர்ப்பான கடன்கள். மிச்சமிருக்கும் கார்டு, மருத்துவம், தொலைபேசி பாக்கிகளில் சின்னவற்றை ஒரேயடியாக முடித்துவிடுங்கள். 140 டாலர் கேபிள் பில் கலெக்‌ஷனில் கிடப்பதற்கு எந்த விளக்கமும் எடுபடாது.

படி 3: தீர்க்கத் தொடங்குங்கள், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்

கலெக்‌ஷன் நிறுவனத்தைக் கூப்பிட்டதும் எதிர்முனையில் இருப்பவர் அன்றே கார்டு எண் கேட்பார். கொடுக்காதீர்கள். “இந்தக் கடன் யாருடையது, முதலில் எவ்வளவு, இப்போது எவ்வளவு, உங்களுக்கு எப்படி வந்தது என்று கடிதம் அனுப்புங்கள்” என்று கேளுங்கள். சட்டப்படி அவர்கள் அனுப்ப வேண்டும். அந்த அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபித்தால், சரிபார்த்துச் சொல்லும் வரை வசூலை நிறுத்த வேண்டும். கடன் உங்களுடையதுதான் என்று தெரிந்தபின் பேரம் பேசலாம். மொத்தமாகக் கட்டினால் குறைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் தவணை. எதுவானாலும் ஒப்பந்தம் மின்னஞ்சலிலோ கடிதத்திலோ வந்தபிறகுதான் முதல் டாலர் போக வேண்டும். முடிந்ததும் ‘பாக்கி இல்லை’ என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கணக்கு எண்ணும் தேதியும் இல்லாத கடிதத்தால் பயனில்லை.

தவணையைக் கட்ட முடிந்த அளவுக்கே பேசுங்கள். மாதம் 500 என்று ஒத்துக்கொண்டு மூன்றாவது மாதம் தவறுவதைவிட, 120 என்று பேசித் தவறாமல் கட்டுவது நல்லது. தீர்ப்பு சொல்பவர்கள் தேடுவது தொடர்ச்சியை. கிளியரன்ஸ் ஆபத்தில் இருக்கிறது என்று தெரிந்தபின் அவசரமாகக் கட்டுவதற்கு மதிப்புக் குறைவு. கேள்வி வரும் முன்பே கட்டத் தொடங்கியவருக்குத்தான் நல்லெண்ணம் இருந்தது என்பார்கள்.

தலைக்கு மேல் போய்விட்டதா? லாப நோக்கற்ற கடன் ஆலோசனை அமைப்பைத் தேடுங்கள். விதியே அந்த வார்த்தைகளில்தான் சொல்கிறது. ஆலோசனை பெற்றதோடு நிலைமை கட்டுக்குள் வந்திருப்பதும் தெரிந்தால் அது உங்கள் பக்கம் சேரும். விளம்பரத்தில் வரும் ‘கடனைப் பாதியாக்குகிறோம்’ நிறுவனங்கள் வேறு ரகம். பல நிறுவனங்கள், கார்டுகளைக் கட்டுவதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைத் தங்களிடம் சேர்க்கச் சொல்லும். அதனால் நன்றாக இருந்த கணக்குகளும் 120 நாள் தாண்டிவிடும். தொலைபேசியில் பிடித்து இந்தச் சேவையை விற்பவர்கள் ஒரு கடனையும் தீர்க்கும் முன் கட்டணம் வாங்குவது 2010 முதல் விதிப்படி தடை. அதையும் தாண்டிக் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

திவால் மனு போட்டால் எல்லாம் முடிந்தது என்ற பயம் பரவலாக இருக்கிறது. உண்மை அப்படி இல்லை. கடனைத் தீர்க்க அது சட்டம் தரும் வழி. ஏன் அந்த நிலை வந்தது, அதற்குப் பிறகு எப்படி இருக்கிறீர்கள் என்பதையே பார்ப்பார்கள். சாப்டர் 13 என்றால் 3 முதல் 5 ஆண்டு தவணையில் கட்டும் திட்டம், ஒழுங்காகக் கட்டிய பதிவே உங்களுக்குச் சாட்சி. சாப்டர் 7 என்றால் பெரும்பாலான கடன்கள் அழிந்துவிடும், ஆனால் செலவுப் பழக்கம் மாறியதைக் காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

நம் வீடுகளில் வெளிப்படையாகப் பேசப்படாத ஒன்று, ஊருக்கு அனுப்பும் பணம். தங்கை கல்யாணத்துக்கு 20,000 டாலர் அனுப்பிய அதே ஆண்டில் கார்டு கட்டாமல் போயிருந்தால், விசாரணையாளர் பார்வையில் அது ‘கட்ட முடியாமை’ ஆகாது, வேறு செலவுக்கு முன்னுரிமை கொடுத்தது ஆகிவிடும். தங்கை கல்யாணத்தை அண்ணன் எடுத்து நடத்துவது நம்மிடையே கடமை என்பது எனக்குப் புரிகிறது. விசாரணையாளருக்கும் புரியவைக்கலாம். ஆனால் இங்கே இருக்கும் கடன்காரருக்கு அந்த மாதங்களில் ஒரு சிறு தொகையாவது போயிருக்க வேண்டும். இனி அனுப்பும்போது மாதச் செலவுத் திட்டத்தில் அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள், கடன் தவணைக்குப் பிறகு.

படி 4: எஸ்.எஃப்.-86 படிவம்

நூறு பக்கத்துக்கு மேல் போகும் இந்தப் படிவத்தில் பணம் பற்றியது 26-ஆம் பகுதி. பெரும்பாலான கேள்விகள் கடந்த 7 ஆண்டு பற்றியவை: திவால், வரி, கலெக்‌ஷன், சார்ஜ் ஆஃப், பறிமுதலான கார், வீட்டைவிட்டு வெளியேற்றம், சம்பளப் பிடித்தம், 120 நாளுக்கு மேல் தவறிய எந்தக் கடனும். கட்டி முடித்துவிட்டாலும் அந்தக் காலத்துக்குள் நடந்தது என்றால் ‘ஆம்’ என்றே போட வேண்டும். இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

மறைப்பது கடனைவிடப் பெரிய பிரச்சினை. கடன் நெறி ‘எஃப்’ ஓடு போகும். தெரிந்தே பொய் சொன்னால் தனிநபர் நடத்தை பற்றிய ‘இ’ நெறியும் சேர்ந்துகொள்ளும். கடனுக்குத் தவணை போடலாம், பொய்க்குத் தவணை கிடையாது. மத்திய அரசிடம் பொய் சொல்வது 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமும்கூட.

விளக்கப் பெட்டியில் கதை வேண்டாம், புலம்பல் வேண்டாம். ஒரு மாதிரிக்கு எழுதிக் காட்டுகிறேன். படிவத்தில் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், சாரம் இப்படி இருக்கட்டும்: ‘2022 அக்டோபரில் வேலை போனது. 2023 ஜூனில் புது வேலை. இடையில் கார்டு கட்ட முடியாமல் 8,400 டாலர் சார்ஜ் ஆஃப் ஆனது. 2024 பிப்ரவரியில் வங்கியோடு மாதம் 250 டாலர் ஒப்பந்தம். 2025 ஆகஸ்ட் வரை 19 தவணையும் கட்டியாயிற்று. பாக்கி 3,650 டாலர். ஆதாரம் இருக்கிறது.’ காரணம், தேதி, தொகை, இன்றைய நிலை எல்லாம் வந்துவிட்டன, இதற்கு மேல் வேண்டாம்.

அனுப்பும் முன் ஒரு சின்ன வேலை. கிரெடிட் ரிப்போர்ட்டைப் பிறர் பார்க்க முடியாதபடி ஃப்ரீஸ் செய்து வைத்திருந்தால் அந்தத் தடையை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடும்.

படி 5: விசாரணையாளர் வரும்போது

பின்னணி விசாரணையை நடத்துவது டி.சி.எஸ்.ஏ. என்ற முகமை. விசாரணையாளர் உங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு உறை அல்லது ஒரு பிடிஎஃப் என்று தயாராக வைத்திருங்கள்: கடிதம், ஒப்பந்தம், கட்டிய ரசீதுகள், வங்கி அறிக்கை. படிவத்தில் விட்டுப்போன கடன் ஏதாவது நினைவுக்கு வந்தால், அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள். தானாக முன்வந்து திருத்துவதற்கு விதியிலேயே மதிப்பு உண்டு. மாதச் செலவுக் கணக்கு ஒன்றையும் எழுதி வைத்திருங்கள். வரவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று உடனே சொல்ல முடிகிறவருக்குப் பாதிக் கேள்வி குறையும்.

‘காரணங்கள் அறிக்கை’ வந்தால்

சந்தேகம் தீரவில்லை என்றால், எந்தெந்தக் கடனுக்காகக் கிளியரன்ஸ் தர முடியாது என்று வரிசையாக எழுதி ஒரு அறிக்கை வரும். ஒப்பந்த நிறுவன ஊழியர்களுக்கு இதில் பதில் கொடுக்க 20 நாள். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஒத்துக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று தனித்தனியாகப் பதில் வேண்டும். கூடுதல் அவகாசம் வேண்டுமென்றால் காலம் முடியும் முன்பே கேளுங்கள்.

பிறகு இரண்டு வழி. டோஹா எனப்படும் பாதுகாப்புத் துறை விசாரணை, மேல்முறையீட்டு அலுவலகத்தின் நீதிபதி முன் நேரில் பேசலாம், அல்லது காகிதங்களை மட்டும் பார்த்து முடிவு செய்யச் சொல்லலாம். நேரில் பேசுவதையே நான் சொல்வேன். வேலை போன மாதங்களில் வீடு எப்படி ஓடியது என்று காகிதம் சொல்லாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம், செலவு உங்களுடையது. சந்தேகம் வந்தால் அது நாட்டின் பக்கமே தீரும். கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை அல்ல என்று 1988-இல் ஈகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். மறுக்கப்பட்டால் பொதுவாக ஓராண்டு கழித்து மீண்டும் முயலலாம். அந்த ஓராண்டில் கட்டிய 12 தவணை அப்போது உங்களுக்காகப் பேசும்.

கிடைத்த பிறகு

முன்பு சீக்ரெட்டைவிட உயர்ந்த டாப் சீக்ரெட்டுக்கு 5 ஆண்டு, சீக்ரெட்டுக்கு 10 ஆண்டுக்கு ஒருமுறை மறுவிசாரணை இருந்தது. இப்போது தொடர் கண்காணிப்பு. கார்டு கலெக்‌ஷனுக்குப் போனால் சில நாட்களிலேயே அங்கே தெரிந்துவிடலாம். திவால் மனு போட்டாலோ, எந்தக் கடனும் 120 நாள் தவறினாலோ நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் நீங்களே தெரிவிக்க வேண்டும். டாப் சீக்ரெட் வைத்திருப்பவர்கள் திடீரென்று வரும் 10,000 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட பணத்தையும் சொல்ல வேண்டும். ஊரில் பூர்வீக நிலத்தை விற்று உங்கள் பங்கு வந்தால், பத்திர நகல், வங்கி வழியாகப் பணம் வந்த சான்று, வரி கட்டிய ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு, பணம் கணக்கில் ஏறிய வாரமே அந்தப் பாதுகாப்பு அதிகாரியைப் போய்ப் பாருங்கள்.